ஒரு மில்லிமீட்டர் வாஷர் பந்தயத்தையே மாற்றும், தெரியுமுங்களா?

வண்டியின் நீளம் முழங்கை அளவுதான், எடை ஒன்றரைக் கிலோ. அது மண் தடத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரே நொடியில் தன் நீளத்தைப்போல 35 மடங்கு தூரத்தைக் கடந்துவிடுகிறது, தெரியுமா? கோவை அவிநாசி சாலையில் போகும் நாலு மீட்டர் நீளக் கார் ஒன்று இதே கணக்கில் ஓட வேண்டுமானால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வேண்டும்!

இன்னும் கேளுங்கள். ரிமோட்டில் ஓடும் இந்தப் பந்தய பகி, உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே தடத்தில் கிடக்கும் ஐந்து சென்டிமீட்டர் கல், அதன் கணக்கில் அரை மீட்டர் பாறை. மேட்டில் ஏறித் தாவி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். அப்படி விழும் வண்டியை நிறுத்த அதன் சக்கரங்களுக்குக் கிடைப்பது வெறும் ஐந்து சென்டிமீட்டர் அசைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் வீழ்ச்சியை ஐந்து சென்டிமீட்டரில் நிறுத்துவதென்றால், புவியீர்ப்பைப்போலச் சராசரியாக 20 மடங்கு விசை! ஒரு சுற்றில் இப்படி நாலைந்து முறை, ஒரு பந்தயத்தில் பத்துப் பதினைந்து சுற்று. வண்டி அப்படியே நிற்கிறது. நிற்பது மட்டுமா, விழுந்த மறு கணமே சக்கரம் மண்ணைப் பிடித்து முன்னே பாய்கிறது!

இதில் பெரும்பங்கு வேலை பின் சஸ்பென்ஷனுடையது. இருசக்கர இயக்க பகியில் மோட்டாரும் கியர்பாக்ஸும் பின்பக்கம். எடையில் சுமார் அறுபது சதவீதம் பின் சக்கரங்களின் மேல். முன்சக்கரம் திசை காட்டும். தள்ளுவதும், விழும்போது தாங்குவதும், வளைவில் வழுக்காமல் பிடிப்பதும் பின்பக்கத்தின் பாடு. அதனால்தான் பந்தயக்காரர்கள் வண்டியை வாங்கிய அன்றே ஸ்குரூடிரைவரோடு முதலில் கை வைக்கும் இடமும் அதுவாக இருக்கிறது.

குதித்துக் குதித்து ஓடிய வெட்டுக்கிளி

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற ஆர்.சி. எனும் ரிமோட் பகியை வெளியிட்டபோது, அதன் சஸ்பென்ஷன் உண்மையான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருடையதைச் சுருக்கிச் செய்தது, தெரியுமா? பின்னோக்கி நீளும் கைகள், தனித்தனியாக ஏறி இறங்கும் சக்கரங்கள், எல்லாம் அச்சு அசல். ஏன் பீட்டில்? 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்ற படகு கட்டுபவர், பீட்டிலின் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் ஃபைபர் கிளாஸ் உடலில் பொருத்தி மணல்மேட்டு வண்டி ஒன்றைச் செய்தார். மேயர்ஸ் மேன்க்ஸ் என்று பெயர். 1967-இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதல் நெடும்பந்தயத்தை வென்றது அந்த வகை வண்டிதான். இன்று நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் குழாய்ச் சட்டம் வெல்டிங் செய்து ஓட்டுகிற பாஹா போட்டிக்குப் பெயர் வந்ததும் அந்தப் பாலைவனத்திலிருந்து!

1984-இல் டாமியா வெளியிட்ட கிராஸ்ஹாப்பர், விலை குறைவான வண்டி. உலகெங்கும் லட்சக்கணக்கான பையன்களின் முதல் பகி அதுதான். அதன் பின்பக்கம் ஒரு விசித்திரம். இரண்டு பின் சக்கரங்களும் ஒரே விறைப்பான அச்சில். மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த அச்சோடு ஒட்டிக்கொண்டு மொத்தமாக மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங் உண்டு, ஆனால் ஷாக்கில் எண்ணெய் கிடையாது. என்ன ஆகும்? ஸ்பிரிங் சுருங்கி வாங்கிய வேகத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கும். வண்டி பெயருக்கேற்றபடி வெட்டுக்கிளியாகவே குதித்துக் குதித்து ஓடும். அதே ஆண்டு வந்த ஹார்னெட்டில் பின் ஷாக்குக்கு எண்ணெய் வந்தது, ஆனால் விறைப்பான அச்சு போகவில்லை. உலகமெங்கும் சிறுவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பின் சஸ்பென்ஷனைப் பிரித்து மேயக் கற்றுக்கொண்டது இந்த வண்டிகளில்தான். வேறு ஷாக் மாட்டினார்கள், எண்ணெய் மாற்றினார்கள், அச்சையே தூக்கிவிட்டுத் தனிக் கைகள் பொருத்தினார்கள்.

அதே 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனத்தில் ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்.சி.10 வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. பொன்னிறத்தில் அனோடைஸ் செய்த அலுமினியத் தொட்டிச் சேசிஸ். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனிக் கை, தனி எண்ணெய் ஷாக். மறு ஆண்டே, 1985-இல், கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் பத்திலொரு பங்கு ஆஃப்ரோடு உலகப் போட்டியின் இருசக்கர இயக்கப் பிரிவில் கில் லோசி ஜூனியர் இந்த வண்டியில் வென்றார். அடுத்த உலகப் போட்டி 1987-இல் இங்கிலாந்தின் ரோம்சியில். நாற்சக்கர இயக்கப் பிரிவில் வென்றவர் 17 வயது ஜப்பானியப் பையன், பெயர் மசாமி ஹிரோசாகா. மொத்தத்தில் அவர் வாங்கிக் குவித்த உலகப் பட்டங்கள் 14!

இதெல்லாம் கோயமுத்தூருக்கு ஏன்?

ஏனென்றால் இந்தியாவில் சின்ன வண்டியைப் பிரித்து, இலகுவாக்கி, வேகமாக்கிப் பார்க்கும் வெறி குடிகொண்ட ஊர் இது! லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின் காரை எடுத்துப் பந்தயத்துக்குத் திருத்தினார். அது ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட, எடை குறைந்த குட்டிக் கார். பெரிய கார்களுக்கு நடுவில் அந்தக் குட்டிகள் சோழவரம் பந்தயத் தடத்தில் சீறின. அதோடு விட்டாரா? 1988-இல் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய கார் ஒன்றை வடிவமைத்தார், ஃபார்முலா மாருதி. நம் ஊர் நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்த வகைக் காரில். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனதும் அவரே. கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பைக்குக்கு ரோலான் செயின் செய்யும் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பந்தய வகை உண்டு. இந்தியா முழுதுமிருந்தும் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வந்து மோதும் ஃபார்முலா பாரத் போட்டி நடந்திருப்பதும் இதே செட்டிபாளையத் தடத்தில்தான்.

இன்னொன்று தெரியுமா? இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் 1937-இல் கோவையில் உருவானது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது. இன்றைய பந்தய பகியின் கைக்கடக்கமான பிரஷ்லெஸ் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 35,000 சுற்று சுற்றுகிறது. இன்று 20,000 சுற்றைத் தாண்டும் நூற்பாலை ரிங் ஃபிரேம் கதிரின் சத்தத்தோடு மூன்று தலைமுறையாக வாழ்ந்த ஊருக்கு, அந்த வேகத்தில் பேரிங்கும் சமநிலையும் என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா!

பொட்டளவு துளை, பேயளவு வித்தியாசம்

இனி வண்டிக்குள் போவோம். எனக்கு இதில் ஆகப்பெரிய அதிசயம் ஷாக்குக்குள் இருக்கும் பிஸ்டன்தான். சட்டைப் பொத்தான் அளவுப் பிளாஸ்டிக் வட்டு. அதில் இரண்டு துளை. சக்கரம் ஏறும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் நகரும், எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நுழைந்து தப்பிக்கும். அந்த நெரிசலில்தான் வீழ்ச்சியின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. கிராஸ்ஹாப்பரில் இல்லாமல் போனது இதுதான்.

இப்போது அந்தத் துளையை 1.6 மில்லிமீட்டரிலிருந்து 1.7 ஆக்குங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம். ஆனால் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடுகிறது தெரியுமா? மெதுவாக நகரும் திரவத்துக்கு, விட்டத்தின் நான்காம் அடுக்கு கணக்கு. 1.7-ஐ 1.6-ஆல் வகுத்து, நான்கு முறை பெருக்குங்கள்: 1.27! ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தடை குறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மாற்றம், தடத்தில் வேறு வண்டி!

இந்த நான்காம் அடுக்கு விதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பொறியாளரே இல்லை. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய். மனித உடலின் நுண்ணிய நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தைச் செலுத்தி அளந்தார். ரத்தத்துக்காகக் கண்ட விதி இன்று செம்மண் மேட்டில் பகியைக் காப்பாற்றுகிறது!

இதற்குள்ளே இன்னொரு மாயம். சின்னத் துளை போட்டு மெல்லிய எண்ணெய் ஊற்றினாலும், பெரிய துளை போட்டுக் கெட்டி எண்ணெய் ஊற்றினாலும், கையால் அழுத்திப் பார்த்தால் ஷாக் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மேட்டிலிருந்து விழும்போது இரண்டும் வெவ்வேறு. பிஸ்டன் வேகமாகப் பாயும்போது சின்னத் துளையில் எண்ணெய் கொந்தளித்து அடைத்துக்கொள்ளும், ஷாக் ஒரு கணம் இறுகிவிடும். பெரிய தாவல் உள்ள தடத்தில் இது வரம்: சேசிஸ் தரையில் மோதாது. சிறு சிறு குழிகள் நிறைந்த தடத்தில் இதுவே சாபம்: சக்கரம் குழியைத் தொடர முடியாமல் மேலேயே மிதக்கும். ஆக, ஓட்டுநர் தடத்தை நடந்து பார்த்துவிட்டு எடுக்கும் முதல் முடிவுகளில் ஒன்று, எந்த டிரில் பிட் என்பது!

எண்ணெய் என்றால் சாதா எண்ணெய் இல்லை, சிலிகான் எண்ணெய். அதன் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள். தண்ணீர் சுமார் 1. பகியின் ஷாக்கில் சாதாரணமாக 300 முதல் 450 வரை. டிஃபரென்ஷியலுக்குள் ஊற்றுவது ஆயிரக்கணக்கில், தேனைப்போல இழுபடும். கனிம எண்ணெய் சூடேறினால் சட்டென்று நீர்த்துவிடும். சிலிகான் அந்த அளவுக்கு நீர்ப்பதில்லை, அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள். ஆனாலும் மார்கழி விடியற்காலையும் சித்திரை மத்தியானமும் அதற்கு ஒன்றில்லை. காலைப் பந்தயத்தில் கச்சிதமாக ஓடிய வண்டி, உச்சி வெயிலில் பின்பக்கம் தொளதொளக்கும். தேர்ந்த ஓட்டுநர் மதியத்துக்கு 50 சென்டிஸ்டோக் கூட்டிய எண்ணெயைத் தயாராக வைத்திருப்பார்.

எட்டில் ஒரு பங்கு அளவில் நைட்ரோ எரிபொருளில் ஓடும் பெரிய பகிகளின் உலகப் போட்டி இறுதிச் சுற்று எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு மணி நேரம்! இடையிடையே ஓடிவந்து சில நொடிகளில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பப் பாயவேண்டும். முதல் நிமிடத்தில் இருந்த ஷாக் எண்ணெயின் குணம் அறுபதாவது நிமிடத்தில் இருக்காது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

பிஸ்டனையும் எண்ணெயையும் விடுங்கள். ஷாக்கின் அடி முனையை, சக்கரத்தைத் தாங்கும் கையான பின் ஆர்மில் எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள்? 80 மில்லிமீட்டர் ஆர்மில், உள்முனையிலிருந்து 48-ஆவது மில்லிமீட்டரில் மாட்டியதை வெளிப்பக்கம் நாலே மில்லிமீட்டர் தள்ளி 52-இல் மாட்டினால், அதே ஸ்பிரிங் சக்கரத்தில் 17 சதவீதம் விறைப்பாகிவிடும். நெம்புகோல் விகிதம் இருமுறை பெருக்கப்படுவதால் வரும் விளைவு. புது ஸ்பிரிங் வாங்கக் காசு செலவழிக்கும் முன் இந்த ஒரு திருகைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அந்த வாஷர்

தலைப்பில் சொன்னது இதுதான். பின் சக்கரத்தின் மேல்முனையையும் வண்டியின் உடலையும் இணைக்கும் மெல்லிய தண்டுக்குக் கேம்பர் லிங்க் என்று பெயர். உள்முனையில் ஒரு பால் ஸ்டட். அதற்கடியில் ஒரு மில்லிமீட்டர் வாஷர் போட்டு உயர்த்துங்கள். வண்டி வளைவில் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் கீழே இறங்கிவிடும். எப்படி? கீழே ஆர்ம், மேலே லிங்க். இரண்டு கோடுகளையும் உள்நோக்கி நீட்டினால் எங்கோ சந்திக்கும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தச் சந்திப்புக்கு ஒரு கோடு இழுத்தால், அது வண்டியின் நடுக்கோட்டை வெட்டும் இடம்தான் ரோல் சென்டர். லிங்கின் உள்முனை உயர உயர இரண்டு கோடுகளும் இணையாகிக்கொண்டே போகும், புள்ளி தரையை நோக்கி இறங்கும். வண்டி கூடுதலாகச் சாயும், வெளிப் பின்டயர் மண்ணில் ஆழமாக அழுந்தும், பிடி கூடும். வாஷரை எடுத்துவிட்டால் பின்பக்கம் விறைப்பாகி, வளைவில் சட்டென்று திரும்பும். ஆனால் வழுக்கும் மண்ணில் வால் வெளியே வீசும். சில்லறைக் காசுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொருள் செய்கிற வேலை இது!

பின் சக்கரங்கள் நேராக இருப்பதாக நினைக்கிறீர்களா? இல்லை! மண் தட பகிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கிச் சுமார் மூன்று டிகிரி திரும்பியிருக்கும். சாலைக் காரில் இவ்வளவு வைத்தால் டயர் சீக்கிரமே தேய்ந்துபோகும். பகியிலோ, பின்பக்கம் சுழன்றுகொள்ளாமல் நேராகப் போக அதுதான் காவல். ஆர்ம் திரும்பும் கம்பியின் முன்முனையைப் பின்முனையைவிட ஒன்றிரண்டு டிகிரி உயர்த்தி வைப்பதும் உண்டு. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் அமுங்கிப் படுக்காமல் அது தடுக்கும். வழவழப்பான தடத்தில் அருமை, குழியில் ஆபத்து.

எதையெல்லாம் பட்டறையில் செய்யலாம்?

ஆர்ம் ஒன்று உடைந்தால் கோவைக்காரருக்குத் தோன்றும் முதல் யோசனை லேத் பட்டறை. கணபதியிலோ பீளமேட்டிலோ சிட்கோவிலோ தெரிந்த பட்டறை இல்லாத குடும்பம் எது? அங்கே பேச்சு இப்படித்தான் போகும். “ஏந்தம்பி, பிளாஸ்டிக்கு எத்தன நாளைக்குத் தாங்கும்? அலுமினியத்துல மில்லிங் போட்டுக் குடுத்தர்றேன், ஆயுசுக்கும் ஒடையாது.” “வேண்டாமுங்கண்ணா, அது வளையோணுமுங்க.”

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நைலான் ஆர்ம் மோதலில் வளைந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். நீங்கள் கவனிக்காமலேயே சக்கரத்தின் கோணம் மாறிப்போயிருக்கும். அல்லது அது தாங்கிக்கொண்டு, அடியை கியர்பாக்ஸுக்குக் கடத்திவிடும். விலை குறைந்த ஆர்மைக் காப்பாற்றி விலை கூடிய கியர்பாக்ஸை இழப்பதா? அதோடு ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, சக்கரம் குழிக்கேற்றபடி ஏறி இறங்குவது மந்தமாகும். கிராஸ்ஹாப்பர் மோட்டாரையே அச்சில் தொங்கவிட்டுக் குதித்த கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த அண்ணனிடம் எதைக் கேட்கலாம்? ஆர்ம் திரும்பும் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாக்கை அலுமினியத்தில் கேளுங்கள். அது அசைந்தால் எல்லா அளவும் பொய். 3 மில்லிமீட்டர் சில்வர் ஸ்டீல் கம்பியில் ஹிஞ்ச் பின் கேளுங்கள். டெல்ரின் கம்பியில் பிஸ்டன் கடைந்து, துளை போடாமல் வெறும் வட்டாகக் கேளுங்கள். துளையை நீங்களே விதவிதமாகப் போட்டுச் சோதிக்கலாம். இதில் நம் ஊர் டர்னர்களின் கை உலகத் தரம். பம்பு, கிரைண்டர், நூற்பு இயந்திரம் என்று நூறு மைக்ரான் விலகினால் வேலையே திரும்பி வந்துவிடும் பழக்கத்தில் வளர்ந்த கைகள் அவை! ஷாக் நிற்கும் கோபுரத்தைக் கார்பன் ஃபைபர் தகட்டில் வெட்டுவதானால் மட்டும் ஓர் எச்சரிக்கை: அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டு வெட்டி, முகமூடி போட்டு, வெட்டிய ஓரத்தில் சூப்பர் குளூ தடவி மூடிவிட வேண்டும்.

வண்டியும் மாடும்

சஸ்பென்ஷனைத் திருத்துவது காரோடு வந்த கலை என்று நினைத்தால் தவறு. கொங்கு நாட்டுப் பண்ணை வீடுகளில் நின்ற வில்வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அச்சின் மேல் அடுக்கு அடுக்காக எஃகுப் பட்டைகள், அதன் மேல் கூண்டு. லாரியின் பின்பக்கம் இன்றும் இருக்கும் அதே தத்துவம். அதற்கு நேர் எதிர் நம் ரேக்ளா வண்டி. காங்கயம் காளைகள் இரண்டு பூட்டி, 200 மீட்டர், 300 மீட்டர் என்று நொடிக்கணக்கில் நேரம் குறித்து ஓடும் பந்தயம். அந்த வண்டியில் ஸ்பிரிங் இல்லை, எடையைக் குறைக்க எதெல்லாம் இல்லாமல் முடியுமோ அதெல்லாம் இல்லை. குழி வந்தால் தாங்குவது சாரதியின் முழங்கால்கள்தான்! எடை குறைக்கவா, அடியைத் தாங்கவா என்று பகிக்காரர் மண்டையைக் குடையும் அதே கேள்விக்கு, ஒரே ஊரில் இரண்டு வண்டிகள் இரண்டு விடை சொல்லியிருக்கின்றன.

காற்றில் பறக்கும்போது ஒரு வித்தை

தரையை விட்டு எழும்பிய பிறகு ஓட்டுநர் கையில் எதுவுமில்லை என்றுதானே தோன்றும்? அங்கேதான் தப்பு! அந்தரத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சக்கரங்கள் வேகமாக முன்னோக்கிச் சுழலும். அதற்கு எதிர்வினையாக வண்டி பின்னோக்கித் திரும்பி மூக்கு மேலே போகும். பிரேக் அடித்தால் மூக்கு கீழே வரும். சுழல் உந்தம் எங்கும் போய்விட முடியாது என்ற இயற்பியல் விதியைப் பத்து வயதுப் பிள்ளைகள்கூட விரல் நுனியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்! இதைக் கொண்டு நாலு சக்கரமும் ஒன்றாகத் தரை தொடும்படி இறக்கினால் பின் சஸ்பென்ஷனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குறுக்கே வீசும்போது ஓட்டிப் பாருங்கள், பின் இறக்கையில் காற்று அறைந்து வண்டி பக்கவாட்டில் நகர்வதே ஒரு காட்சி.

ஐரோப்பாவில் பல ஆர்.சி. பகித் தடங்கள் மண்ணே இல்லாதவை, தெரியுமா? செயற்கைப் புல்வெளியில் ஓட்டுகிறார்கள், கம்பளத்திலும் ஓட்டுகிறார்கள். பிடி அவ்வளவு அதிகம் என்பதால் வண்டி வழுக்குவதற்குப் பதில் உருண்டு கவிழும். அதனால் தரையோடு ஒட்ட இறக்கி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, பின்பக்கம் ஆன்டி ரோல் பார் என்ற மெல்லிய கம்பியைப் போட்டு இரண்டு ஆர்மையும் பிணைக்கிறார்கள். அந்த வண்டியை அப்படியே கொண்டுவந்து பல்லடம் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணில் விட்டால் முதல் வளைவிலேயே சுழன்று நிற்கும். உலகச் சாம்பியன்களின் அளவுகள் எல்லாம் ரகசியம் அல்ல. எந்தத் துளை, எத்தனை வாஷர், எந்த எண்ணெய் என்று ஒரு தாளில் எழுதி வண்டி நிறுவனங்களே வெளியிட்டுவிடுகின்றன! ஆனால் அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது தடம் மண்ணா, புல்லா, பிடி அதிகமா குறைவா என்ற கட்டங்களைத்தான். நம் ஊர் வறண்ட மண்ணுக்கு ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், வண்டியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பின் ரோல் சென்டரை இறக்குங்கள். உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி: வண்டியை மேசை மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அடங்கி நிற்கும்போது சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒருமுறைக்கு மேல் துள்ளக் கூடாது.

கடைசியாக, என்னை வாய்பிளக்க வைத்த ஒன்று. புது நைலான் ஆர்மை வண்டியில் மாட்டும் முன் வெந்நீரில் வேகவைக்கிறார்கள், தெரியுமா? நைலான் தண்ணீரை உறிஞ்சும் பிளாஸ்டிக். காய்ந்த நைலான் சடக்கென்று முறியும். ஈரம் ஏறிய நைலான் வளைந்து கொடுக்கும். இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டு எடுத்தால் பிடிவாதக்கார ஆர்ம் பணிவாகிவிடும். அந்தக் கொதிநீரிலேயே சாயம் கலந்தால் வெள்ளை நைலான் உங்களுக்குப் பிடித்த நிறத்துக்கு மாறும், நிறம் கொஞ்சம் உள்ளேயும் இறங்கும், லேசான உரசலில் போகாது! ஆனால் திருப்பூரில் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இதற்கு ஆகாது. அது பருத்தியைப் பிடிக்கும் சாயம், காரத்தில் நிலைப்பது. நைலான் பிடித்துக்கொள்வது ஆசிட் டை எனப்படும் வேறு வகையை. அமிலம் கலந்த சூட்டில் அது ஏறும், அதற்குக் கொஞ்சம் வினிகர் போதும். சாயக்கடையில் கேட்கும்போது “நைலானுக்குங்க” என்று சொல்லியே வாங்குங்கள். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்க வேண்டாம்.